பூனை, செருப்பு, விசுவாசம்

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு எம்சிஆர் செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார், கடையில் வாங்கியிருப்பார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கி, விட்டதும் மெல்ல நிமிரும் ரப்பர். மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்பதன் சுருக்கம்தான் எம்சிஆர். ஆனால் இந்தச் செருப்பு முதலில் சர்க்கரை நோயாளிகளை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. 1950களில் வேலூரிலும் அதை அடுத்த கரிகிரியிலும், தொழுநோயாளரின் பாதங்களை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று அலைந்த மருத்துவர்களின் கைகளில் உருவான பாதுகை அது.

அந்த மருத்துவர்கள் கிறிஸ்தவர்கள். பிறர் மீது இரக்கம் காட்டுவது மட்டும் ஊழியம் ஆகாது, "இது ஏன் இப்படி ஆகிறது?" என்று விடாமல் கேட்பதும் ஊழியம்தான் என்று வாழ்ந்தவர்கள். விசுவாசமும் பகுத்தறிவும் எதிரெதிர்த் துருவங்கள் என்று மேடைகளில் கேட்டுப் பழகிய நமக்கு அவர்களின் கதை அவசியம் தெரிய வேண்டும்.

கிறிஸ்தவத்துக்கும் தொழுநோய்க்கும் உள்ள உறவு நெடியது, அதில் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு. லேவியராகமத்தில் வரும் எபிரேயச் சொல், தோலில் தோன்றும் பலவகைக் கோளாறுகளை மட்டுமல்ல, துணியிலும் வீட்டுச் சுவரிலும் பூக்கும் பூசணத்தையும் சேர்த்தே குறித்தது. மொழிபெயர்ப்புகளில் அது ஒரே நோயின் பெயராக இறுகியது. தமிழில் அது 'குஷ்டரோகம்' ஆயிற்று, நோய் கண்டவர் 'குஷ்டரோகி' ஆனார். நோய் தீட்டாயிற்று, தீட்டு பாவத்தின் அடையாளமாயிற்று. இயேசு தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கினார் என்று நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. ஆனாலும் மத்திய கால ஐரோப்பாவின் சில பகுதிகளில், நோய் கண்டவரை உயிரோடு இருக்கும்போதே இறந்தவராகப் பாவித்து ஊரைவிட்டு அனுப்பும் சடங்கை நடத்தியவர்கள் குருமார்களே.

1873ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் மறக்க முடியாதது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர், தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நுண்ணோக்கியில் கண்டார். பரம்பரைச் சாபம் என்ற எண்ணத்துக்கு அறிவியல் வைத்த முதல் வெட்டு அது. அதே ஆண்டு மே மாதம், பெல்ஜியத்தைச் சேர்ந்த தமியான் என்ற குரு, ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்திருந்த மொலோக்காய்க்குப் போய்ச் சேர்ந்தார். அவர்களோடு உண்டார், புண்களுக்குக் கட்டுப் போட்டார், அதே நோய் கண்டு 1889இல் இறந்தார். ஒருவர் உற்றுப் பார்த்தார், இன்னொருவர் தொட்டார். ஆனால் தொழுநோயாளரின் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்ற கேள்வி, 1873க்குப் பிறகும் முக்கால் நூற்றாண்டு காலம் அப்படியே கிடந்தது. நோய் சதையைத் தின்கிறது என்றார்கள். மருத்துவர்களும் அதைத்தான் நம்பினார்கள்.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் கொல்லிமலையில் பிறந்தவர்.

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் ஒரு மிஷனரி. லண்டனில் ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றதோடு மலையேறியவர். பிரசங்கமும் செய்தார், பல்லும் பிடுங்கினார். மலைமக்களின் கால்களிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைப் பக்குவமாக இழுத்து எடுத்தார். வீடு கட்டவும் பழமரம் வைக்கவும் சொல்லிக் கொடுத்தார். ஒன்பது வயதில் பால் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை காய்ச்சலில் இறந்த செய்தி தந்தியில் வந்தது. அவர் முன்னதாக எழுதிய கடிதம், கப்பலில் மெல்ல வந்து, அதற்குப் பிறகுதான் மகன் கையில் சேர்ந்தது.

தந்தையைப் போல மிஷனரியாகப் போக வேண்டும் என்ற ஆசையில் பால் முதலில் கற்றது கட்டட வேலை. மரம் இழைப்பது, கல் பதிப்பது என்று சில ஆண்டுகள் அதிலேயே கழிந்தன. பிறகே மருத்துவம். போர்க்காலத்தில், குண்டுகள் விழும் லண்டனில் அறுவைச் சிகிச்சை பயின்றார். தச்சு வேலையில் ஆண்டுகளை வீணாக்கிவிட்டோமோ என்ற எண்ணம் அவருக்கு இருந்ததுண்டு. வீணாகவில்லை. தசைநாணின் இழுவிசை எந்தத் திசையில் போனால் விரல் எப்படி வளையும் என்று பின்னாளில் அவர் யோசித்த விதத்தில் ஒரு தச்சரின் கண் இருந்தது.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்த்த இடம் அது. மறு ஆண்டு, தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டிலுள்ள லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். தோட்டத்தில் நடந்தபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் விரல்கள் மடங்கிப்போன கைகள். இவை ஏன் இப்படி ஆகின்றன என்று பிராண்ட் கேட்டார். தாம் தோல் மருத்துவர், எலும்பும் மூட்டும் உங்கள் துறைதானே என்றார் காக்ரேன். உலகத்தில் இத்தனை நோயாளிகள் இருந்தும், எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர்கூட இதை முறையாக ஆராய்ந்ததாகத் தமக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய விரல்களுக்குள் தன் கையை நுழைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செயலற்ற கை, பிடி தளர்ந்துதான் இருக்கும் என்று எதிர்பார்த்தார். பிடித்த பிடியில் அவருக்கு வலித்தே விட்டது. அந்த வலியோடு ஒரு யோசனையும் பிறந்தது. கை செத்துப் போகவில்லை, சில தசைகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன, மற்றவை திடமாக இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, செயலிழந்ததின் வேலையை அதனிடம் ஒப்படைத்தால் என்ன?

இறந்த நோயாளிகளின் உடல்களை அறுத்துப் பார்த்தபோது காரணம் துலங்கியது. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சி பிடிக்கும். உடலின் ஆழத்தில் ஓடும் நரம்புகளை அது பெரிதாகத் தொடுவதில்லை. முழங்கை, முழங்கால், கணுக்கால் என்று தோலுக்கு அருகில் நரம்பு மேலே வரும் இடங்களில்தான் வீக்கம் உண்டாகி நரம்பு நசுங்குகிறது. அதற்குக் கீழே அந்த நரம்பை நம்பியிருக்கும் தசை செயலிழக்கிறது, தோல் மரத்துப்போகிறது. எந்த நரம்பு எங்கே கெடும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்ததால், எந்தத் தசை கெடாமல் எஞ்சும் என்றும் சொல்ல முடிந்தது. அந்தக் கணக்கின் மேல்தான் வேலூரின் கை அறுவைச் சிகிச்சை எழுந்தது. ஆண்டுக்கணக்கில் மடங்கிக் கிடந்த விரல்கள் விரிந்தன. சோற்றைப் பிசைந்து உண்ணவும் பேனாவைப் பிடிக்கவும் முடிந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு மருத்துவச் சாதனையாக மட்டும் நின்றிருக்கும். கை சரியாகி ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வேலை கிடைக்கவில்லை, யாரும் வீடு தரவில்லை. கை மடங்கியிருந்தபோது பிச்சையாவது விழுந்தது, இப்போது அதுவும் இல்லை என்றார்கள். பிராண்டை இது உலுக்கியது. ஒரு மனிதனின் கையை மட்டும் சரிசெய்து, அவன் வாழ்வைத் தெருவில் விட்டால் அது என்ன சிகிச்சை? 1951இல் வேலூர்க் கல்லூரி வளாகத்தில் 'நவஜீவ நிலையம்' உருவானது. சிறு குடிசைகள், ஒரு பட்டறை. பழைய தச்சர் மறுபடி உளியைக் கையில் எடுத்தார். நோயாளிகள் மரப் பொம்மைகள் செய்யக் கற்றார்கள்.

முகத்தைப் பற்றியும் யோசித்தார்கள். தொழுநோய் கண்டவர்களுக்குப் புருவ முடி உதிர்ந்துவிடும், ஊரார் அதை வைத்தே அடையாளம் காண்பார்கள். தலையிலிருந்து முடியுள்ள தோலைக் கொண்டுவந்து புருவத்தில் பொருத்தினார்கள். தலைமுடி தலைமுடியாகவே வளர்ந்தது. சிலர் அந்த நீண்ட புருவத்தைக் கத்தரிக்க மனமில்லாமல் பெருமையோடு வளர்த்தார்களாம். கண் மருத்துவரான பிராண்டின் மனைவி மார்கரெட் இமைகளைக் கவனித்தார். கண் மரத்துப்போனவருக்கு இமைக்கத் தோன்றாது, விழி உலர்ந்து பார்வை போய்விடும். மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைக்கும் அறுவை இதற்கு உதவியது. வாயை அசைத்து மென்றால் கண் மூடிக்கொள்ளும்.

பட்டறையில்தான் பெரிய புதிர் கிளம்பியது. நன்றாக இருந்த கைகளில் திடீர் திடீரென்று புண்கள். காலையில் எழுந்து பார்த்தால் விரல் நுனியில் சதையே இல்லை. நோய் தின்கிறது என்ற பழைய பதிலை ஏற்கப் பிராண்டும் அவரது குழுவும் மறுத்தார்கள். ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு துப்பறியத் தொடங்கினார்கள்.

துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்தான். வியந்துபோய் அவன் கையைப் பார்த்தால் ரத்தம் சொட்டுகிறது. சாவியின் விளிம்பு விரலை எலும்புவரை கிழித்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நாம் ஒரு பூட்டைத் திருகும்போது, "போதும், நிறுத்து" என்று சொல்வது வலிதான். அந்தக் குரல் இல்லாத கை, தன் வலிமையாலேயே தன்னைக் கிழித்துக்கொள்கிறது. சுத்தியலின் பிடியில் துருத்திய ஆணி, அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கிய பாத்திரம், சூடான டம்ளர் என்று ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

இரவில் காணாமல் போகும் சதைக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. ஒரு நாள் இரவு முழுக்கக் கண்விழித்துக் காவல் காத்தார்கள். எலி வந்தது. தூங்குகிறவரின் விரலை முகர்ந்து, ஆளுக்கு அசைவில்லை என்று கண்டு, கொறிக்கத் தொடங்கியது. வலிக்காததால் அவர் விழிக்கவில்லை. பல நூற்றாண்டு காலம் சாபம் என்று சொல்லப்பட்டதில் ஒரு பங்கு எலியின் வேலை! அதன் பிறகு நிலையத்திலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் ஒரு பூனையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மருத்துவ வரலாற்றில் இதைவிட மலிவான, இதைவிட அழகான மருந்துச் சீட்டை நான் படித்ததில்லை.

பாதத்தின் கதையும் இதுவேதான். நமக்குக் கால் வலித்தால் எடையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றி நடப்போம், நமக்கே தெரியாது. மரத்துப்போன கால் ஒரே இடத்தை ஆயிரக்கணக்கான முறை அழுத்தி நடந்து புண்ணாக்கிக்கொள்ளும். ஆறாத புண் என்று காலையே எடுத்தார்கள். மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்துக்கு ஓய்வு கொடுத்தால் அதே புண் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறியது. இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் முன்பே கையாண்ட வழி இது. சதையில் குறை இல்லை என்று நிச்சயமானபின், மறுபடி புண் வராமல் நடக்க ஒரு செருப்பு தேவைப்பட்டது. கடினமான தோலில் ஆணி அடித்த செருப்பு உதவாது. அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும் மென்மையும் வேண்டும், சீக்கிரம் தட்டையாகாத உறுதியும் வேண்டும். அந்தத் தேடலின் முடிவில் வந்ததுதான் எம்சிஆர். 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி ஷெஃப்லின் ஆய்வு மருத்துவமனை இந்தப் பணியின் தலைமை இடமாயிற்று.

இதில் விசுவாசம் எங்கே வருகிறது? எல்லாம் கூர்ந்த பார்வையும் சோதனையும்தானே என்று கேட்கலாம். பொது மருத்துவமனைகள் தொழுநோயாளரை வார்டில் சேர்க்கத் தயங்கிய காலம் அது. மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். கெட்ட சதையில் கத்தி வைப்பது வீண் வேலை என்று சக மருத்துவர்களே சொன்னார்கள். கேள்வியின் அருகே போவதற்கே முதலில் ஒரு நம்பிக்கை வேண்டியிருந்தது. மனிதர் ஒவ்வொருவரும் தேவனின் சாயல், ஆகவே தெருவோரத்தில் கிடப்பவரின் சுண்டுவிரலும் அரசனின் சுண்டுவிரலுக்கு ஈடான ஆராய்ச்சிக்கு உரியது என்ற நம்பிக்கை. பகுத்தறிவு எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுத்தது. யாருக்காகக் கேட்பது என்று சொல்லிக் கொடுத்தது விசுவாசம்.

ஒருமுறை பிராண்ட் ஒரு நோயாளியின் தோளில் கைவைத்து, அவருக்குச் செய்யப்போகும் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் தேம்பி அழத் தொடங்கினார். ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று பதறிப்போய் விசாரித்தார். பல ஆண்டுகளாக யாரும் அவரைத் தொட்டதில்லை, அதனால் அழுகிறார் என்று பதில் வந்தது.

பிராண்டுக்கே ஓர் இரவு நோயாளியின் நிலை வந்துவிட்டதுபோலத் தோன்றியது. அமெரிக்காவில் ஆய்வுப் பயணத்தை முடித்து லண்டன் திரும்பியவர், நீண்ட ரயில் பயணக் களைப்போடு காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. நோய் தமக்கும் வந்துவிட்டது என்றே முடிவு செய்தார். குடும்பத்தைப் பிரிந்து வாழ வேண்டிய நாட்களை எண்ணி விடியும்வரை விழித்துக் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார், கத்திவிட்டார். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான். அன்று முதல் வலி அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய பொருளாயிற்று.

கடவுள் நல்லவர் என்றால் உலகில் ஏன் வலி என்பது விசுவாசிகளையும் நாத்திகர்களையும் ஒன்றாகக் குடைகிற கேள்வி. இதற்கு நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய பதில்கள் ஏராளம். பிராண்டின் பதில் சிகிச்சை அறையில் கிடைத்தது. வலியை இழந்தவர்கள் எதை இழக்கிறார்கள் என்று அவர் அன்றாடம் பார்த்தார். 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின், செயற்கையாக வலியை உண்டாக்கித் தரவும் முயன்றார். கையுறையில் அழுத்தம் அறியும் கருவிகளைப் பொருத்தி, ஆபத்து வரும்போது ஒலி எழச் செய்தார்கள். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடர்ந்தார்கள். மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளோ வேலை முடியும்வரை கருவியை அணைத்துவிட்டுப் பிறகு போட்டுக்கொண்டார்கள். நம் விருப்பத்துக்கு அணைக்க முடியாததாக இருந்தால்தான் வலி காவல் காக்கும் என்று அந்தத் தோல்வி கற்றுத் தந்தது. பத்திரிகையாளர் ஃபிலிப் யான்சியுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல்கள் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை. துன்பம் எல்லாமே நல்லது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாழ்நாளெல்லாம் அதைக் குறைக்கப் பாடுபட்டிருக்க மாட்டார்.

அவரோடு நின்றவர்களும் அதே வார்ப்பு. கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ், வேலூரில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளில் அறுவை செய்யக் கற்றார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையத்தைத் திறந்தார். மருத்துவர் எர்னெஸ்ட் ஃபிரிட்ஷி கரிகிரியின் பொட்டல் பாறை நிலத்தில் மழைநீரைத் தேக்கி, மரம் நட்டுத் தோப்பாக்கினார். மண் மீதான அதே அக்கறை பிராண்டுக்கும் உண்டு. சிறுவயதில் மலைவயலில் தவளை பிடிக்கிறோம் என்று சேற்றைக் கலக்கிய தம்மிடமும் மற்றச் சிறுவர்களிடமும், வாய்க்காலில் வழிந்தோடும் மண்ணைக் கையில் ஏந்திக் காட்டிக் கண்டித்த ஒரு தாத்தாவைப் பிராண்ட் முதுமையிலும் மறக்கவில்லை. மண்ணைக் காக்க உதவுமென்றால் மருத்துவத்தையே விட்டுவிடத் தயார் என்று எழுதினார். நோயும் மண்ணும் செருப்பும் அவர்களுக்கு ஒரே ஊழியத்தின் பகுதிகள்.

பிராண்ட் 2003இல் மறைந்தார். தொழுநோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இலேயே பரிந்துரைத்துவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2001இல், இந்தியக் கிறிஸ்தவர்களின் விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, 'குணப்படுத்த முடியாத' தொழுநோய் மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாகப் புதிதாக எழுதப்பட்டது. மற்ற மதத்தவரின் சட்டங்களிலும் அது இருந்தது. 2019இல்தான் நாடாளுமன்றம் எல்லாவற்றிலிருந்தும் அதை நீக்கியது. கிருமியைவிடச் சொல் நீண்ட நாள் வாழ்கிறது. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'தொழுநோயாளர்' என்று எழுதுகிறது. 'குஷ்டரோகி' என்ற பழைய சொல் இன்னும் பல ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. வாசிப்பவர்கள், எதிரே உட்கார்ந்து கேட்பவர்களில் யார் இருக்கக்கூடும் என்று ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உலகில் ஆண்டுதோறும் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். உடம்பில் நிறம் வெளுத்த, தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம், நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். கோயில் வாசலிலோ ஆலய வாசலிலோ கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், காசைப் போட்டுவிட்டு நகராமல், பக்கத்தில் குனிந்து பாதத்தைப் பற்றி விசாரியுங்கள். எம்சிஆர் செருப்பை அரசே தொழுநோயாளருக்கு விலையின்றித் தருகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.